கிழக்குச் சுவரில் ஐந்து முனை

ஃப்ரீமேசன் என்ற சகோதரர் சங்கத்தார் கூடும் மண்டபத்தின் கூரைக்கு நீலம் அடித்து, அதில் தொண்ணூறு பொடி நட்சத்திரங்களை எழுதி முடித்தது அவள்தான். இருபத்தாறு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். சாரத்தில் அவள் ஏறும் வேகத்தைப் பார்த்து அவர் வைத்த பெயர் அணில். பொடி வேலையெல்லாம் அணிலுக்கு, கண்ணில் படுகிற வேலை அவருக்கு. அது எழுதாத சட்டம்.

மிச்சமிருந்தது கிழக்குச் சுவரின் பெரிய நட்சத்திரம் ஒன்றுதான். தலைவர் நாற்காலிக்கு மேலே, தங்க நிறத்தில், ஐந்து முனை. பென்சில் கோடு போட்டாகிவிட்டது. ஆனால் மூன்று நாளாக அவள் வீட்டுக்காரர் பிரஷைத் தொடவில்லை. சுவர் காயவில்லை என்றார், பிரஷ் சரியில்லை என்றார். காலையில் டீ டம்ளர் அவர் கையில் ஆடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டால் மனிதர் ஒடிந்துபோவார்.

சங்கத்துச் செயலாளர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும் சார்." அவள் முந்திக்கொண்டாள். "அதென்ன சார் அஞ்சு முனை? ஆறா இருந்தா என்ன?"

"ஒருத்தருக்கொருத்தர் எப்படித் துணையா இருக்கணும்னு நாங்க அஞ்சு விஷயம் சொல்லுவோம்மா. அதுல ஒண்ணு, கூட இருக்கறவன் தடுமாறினா முதுகுல கை குடுத்துத் தாங்கறது."

செயலாளர் போனதும் அவள் சாரத்தில் ஏறி, கணவருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஏங்க, முழங்கையை என் தோள்ல வைங்க."

"என்ன, சர்க்கஸா காட்டறோம்?"

"கதவு சாத்தியிருக்கு. டிக்கெட் வாங்கி யாரும் வரல. வைங்க."

முறைத்தார். பிறகு வைத்தார். அவர் கோடு இழுக்கும்போதெல்லாம் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். முதல் முனை நூல் பிடித்தாற்போல் வந்தது. நாலாவது முடிவதற்குள் மத்தியானம் தாண்டி, அவள் தோள் மரத்துப்போயிற்று. ஆனாலும் தோளை விலக்கவில்லை.

ஐந்தாவதற்கு அவர் பிரஷை அவளிடம் நீட்டினார்.

"இதை நீ எழுது."

"உங்களுக்கு நல்லாத்தானே வருது? எனக்கெதுக்கு?"

"தொண்ணூறு எழுதினவளுக்கு ஒரு முனை பெரிசா? புடி."

வாங்கினாள். இத்தனை பெரிய கோட்டில் அவள் கைவைத்ததே இல்லை. பிரஷ் நுனி லேசாக ஆடியது. அவர் நகர்ந்து வந்து, குனிந்து, அவள் முழங்கைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்தார்.

"சீக்கிரம் இழு, அணிலு. எனக்கு இடுப்பு வலிக்குது."