தாசன் இழுப்பறை

யுத்தகாலத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு லைப்ரரியில் அட்டை எழுதும் வேலை எனக்கு. ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் ஒரு அட்டை. மேலே ஆசிரியர் பேர், அதற்குக் கீழே புஸ்தகத்தின் பேர், ஓரத்தில் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று நம்பர். எழுதிய அட்டைகளை அகரவரிசையில் இழுப்பறைக்குள் அடுக்கி, அட்டைகளின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஒரு இரும்புக் கம்பியைச் செருகிவிட வேண்டும். யாராவது வந்து பேர் சொன்னால், அட்டையைப் பார்த்துப் புஸ்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம். கேட்க சுலபமாகத்தான் இருக்கும். செய்கிறவனுக்குத்தான் தெரியும், பிராணன் போய்விடும்.

என் வீடு உறையூரில். காலையில் கரி பஸ் பிடித்துக் காவேரிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பெட்ரோல் கிடைக்காத நாட்கள் அவை. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி ஓட்டினார்கள். பாதிப் பாலத்தில் அது மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுங்க என்பார் கண்டக்டர். தள்ளிவிட்டு, சட்டையில் கரியோடு வந்து உட்கார்ந்தால், மேஜை மேல் புஸ்தகங்கள் குவிந்து கிடக்கும். ஊரில் யாராவது பெரியவர் காலமாகிவிட்டால், அவருடைய அலமாரியைக் காலிபண்ணி எங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். பாதிக்கு மேல் கரையான் சாப்பிட்ட மிச்சம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்களின் அடக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் உட்கார்ந்து பெருமாள் மேல் பாட்டு எழுதுவார்கள், அச்சும் போடுவார்கள், முதல் பக்கத்தில் தங்கள் பேரை மட்டும் போட மாட்டார்கள். பெருமாள் விஷயத்தில் 'நான் எழுதினேன்' என்று சொல்லிக்கொள்வது அபசாரமாம். 'அடியார்க்கு அடியானாகிய ஒரு தாசன் இயற்றியது' என்று போட்டுவிட்டுப் பரமபதம் போய்விடுவார்கள். அட்டை எழுதுகிறவன் என்ன செய்வான்? தாசன் என்று எழுதினேன். அடுத்தவரும் தாசன். அவருக்கு அடுத்தவரும் தாசன். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத தாசன்களால் ஒரு இழுப்பறை நிரம்பி, சரியாக மூடாமல் துருத்திக்கொண்டு நின்றது. போகும்போதும் வரும்போதும் முழங்காலில் இடித்துக்கொள்வேன்.

லைப்ரரியன் மெட்ராஸில் போய் இந்த முறையைப் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷர்தான், ஆனால் விதி என்றால் விதி. "முதல் பக்கத்துல என்ன பேர் இருக்கோ அதுதான் அட்டையில இருக்கணும். நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் எழுதக்கூடாது" என்பார். அட்டைக்கும் பஞ்சம். மெட்ராஸிலிருந்து புது அட்டை வந்து மாசக்கணக்காகியிருந்தது. மிச்சமிருந்ததைத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், கண் சொருகும் நேரத்தில், நார்மடிப் புடவை கட்டிய ஒரு அம்மாள் வந்து என் எதிரே நின்றார். அம்பது வயசுக்கு மேல் இருக்கும். லைப்ரரிக்குள் பெண்கள் வருவதே அபூர்வம்.

"எங்க தோப்பனார் எழுதின புஸ்தகம் இங்கே இருக்கான்னு பார்க்கணும்" என்றார். "நாளைக்குப் பிள்ளையோட நாக்பூருக்குப் போறேன். இனிமே இந்த ஊருக்குத் திரும்பி வருவேன்னு தோணலை. எங்காத்துல இருந்த பிரதியெல்லாம் கொள்ளிடத்து வெள்ளத்துல போயிடுத்து. இங்கே ஒண்ணு குடுத்தார்னு கேள்வி."

அப்பா பேரைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பேரில் அட்டை ஒன்றும் இல்லை. "புஸ்தகத்துல தன் பேரைப் போட்டிருந்தாராம்மா?" என்றேன்.

"அவராவது, போடறதாவது. தாசன்னுதான் போட்டிருப்பர்."

துருத்திக்கொண்டு நின்ற இழுப்பறையைத் திரும்பிப் பார்த்தேன். புஸ்தகத்தின் பேராவது தெரியுமா என்று கேட்டேன். "தாயார் பாட்டுன்னு ஆத்துல சொல்லுவோம். அச்சுல என்ன போட்டான்னு நான் என்னத்தைக் கண்டேன்? எனக்கு எழுத்துத் தெரியாது" என்றார். ஸ்ரீரங்கத்தில் கோயில் தாயாரைப் பாடாத தாசன் ஒருத்தர் உண்டா? பாட்டின் முதல் அடியைக் கேட்டேன். சொன்னார். முதல் அடியை வைத்துத் தேட எங்களிடம் ஒரு வழியும் கிடையாது.

நாளைக்கு வாங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். நாளைக்கு அவர் ரயிலில் இருப்பார் என்பது ஞாபகம் வந்து, உள்ளுக்குள் சலித்துக்கொண்டே தாசன் இழுப்பறையை இழுத்தேன். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, அலமாரிக்குப் போய்ப் புஸ்தகத்தை எடுத்து வந்து, முதல் அடியைப் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டுவார். திரும்ப நடப்பேன். கால் கடுத்துப் போயிற்று. இந்த மனுஷர் பேரைப் போட்டுத் தொலைத்திருந்தால் என்ன என்று அவருடைய அப்பாவை மனசுக்குள் திட்டினேன்.

வெயில் சாய்ந்த பிறகு, மேலட்டை இல்லாத ஒல்லிப் புஸ்தகம் ஒன்று கைக்கு வந்தது. முதல் அடியைப் பாதி படிப்பதற்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு மீதியைச் சொன்னார். அத்தோடு நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டுவரை சொன்னார். நான் விரலை வைத்துக்கொண்டு பார்த்தேன், ஒரு சொல் பிசகவில்லை.

சந்தோஷத்துக்குப் பதில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இவ்வளவும் மனப்பாடமா இருக்கே, அப்புறம் புஸ்தகம் எதுக்கும்மா உங்களுக்கு?"

"எனக்கு எதுக்கு? நான் போயிட்டா இது யாரோடதுன்னு தெரிஞ்சவா இந்த ஊர்ல கிடையாது. நாளைக்கு யாராவது வந்து எங்க தோப்பனார் பேரைச் சொல்லிக் கேட்டா எடுத்துக் குடுப்பேளா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "முடியாதும்மா. அவர் பேர் எங்கேயும் இல்லையே" என்றேன். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

லைப்ரரியனிடம் போய், அட்டையில் அவர் பேரை எழுதலாமா என்று கேட்டேன். "இவங்க சொல்றாங்கன்னு எழுதினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். இது எங்கப்பா, அது எங்க தாத்தான்னு. யாரு சாட்சி? அட்டைக்கு எங்கே போறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அந்த அம்மாளுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "வாஸ்தவம்தான். அவர் வேண்டாம்னு விட்ட பேரை நான் போடச் சொல்றது தப்புதான்" என்றார். "தாசன்னு போட்டுண்டது அவருக்குத் திருப்தி. அவர் பொண்ணு எனக்கு அது போறலை."

லைப்ரரியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பூட்டைத் திறந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். "பழைய அட்டையைத் தொடாதீங்க. அவர் பேரை எழுதி, 'தாசன் என்பதில் பார்க்க'ன்னு போட்டு, நம்பரையும் எழுதிடுங்க. அதுக்கு விதியில இடம் இருக்கு."

எழுதி, மை காய ஊதிவிட்டு, அந்த அம்மாளிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். நான் வாங்கி நேராகப் பிடித்துக் கொடுத்தேன்.

"இதுல எங்க தோப்பனார் எங்கே?"

"மேல் வரிதாம்மா."

அந்த வரிக்கு அடியில், மையில் படாமல், விரலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நகர்த்தினார். அவர் பேர் இத்தனை நீளமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உள்ளே வையுங்கோ என்று அட்டையைத் திருப்பித் தந்தார். நான் அதைச் சொருகிக் கம்பியை இறுக்கி இழுப்பறையை மூடும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் யுத்தம் முடிந்தது, லைப்ரரியன் மாற்றலாகிப் போனார், எனக்குக் கண்ணாடி வந்தது. நான் அந்த வேலையில் இருந்தவரை அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. நாக்பூரில் அந்த அம்மாளுக்கு இது தெரியாமல் போனதே நல்லது.