சாம்பிள் பொட்டலமாய்ப் போன ஐந்தாம் அத்தியாயம்

மதராஸிலிருந்து பத்திரிகை ஆசிரியரின் கடிதம் வந்தபோது நான் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் சாம்பிள் கிளார்க். மூட்டையில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி மிளகு எடுத்து, காகிதத்தில் மடித்து, லாட் நம்பர் எழுதி, வெலிங்டன் தீவிலிருந்த ஏற்றுமதி ஆபீசுக்கு அனுப்புவேன். அறுபதுகளின் தொடக்கம் அது. நாவலாசிரியன் என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

கடிதத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். "ஐந்தாம் அத்தியாயத்தைக் கொஞ்சம் சுருக்கச் சொன்னேன், உயிரை எடுக்கச் சொல்லவில்லை. பழைய பிரதியைப் பத்து நாளில் அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு தொடர்கதை போட்டுக்கொள்கிறோம்."

பழைய பிரதிக்கு எங்கே போவேன்? தூசி, காம்பு, சொத்தை எல்லாம் போக்கிச் சுத்தமான மிளகைப் பாஸ் பண்ணிப் பழகிய கை. கதையையும் அப்படியே புடைத்துத் தள்ளிவிட்டேன். நல்ல பிரதி எடுத்த பிறகு பழைய தாள்கள் எதற்கு? ஒரு பக்கம் எழுதிய தாளை எங்கள் கிடங்கில் யாரும் வீணாக்குவதில்லை. அந்த வாரம் சாம்பிள் காகிதம் தீர்ந்திருந்தது. ஐந்தாம் அத்தியாயம் முழுவதையும் என் கையாலேயே கிழித்து மிளகு மடித்தேன்.

போட் பிடித்துத் தீவுக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் சிரித்தார். "மிளகு டப்பாவில் இருக்கு சேட்டா, வேணும்னா எடுத்துக்கோ. காகிதத்தை யாரு வைப்பாங்க?"

ஆறு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு வரி தேறவில்லை. கிடங்கில் மிளகு புடைக்கும் ஜைனபுக்கு, கப்பலில் போன புருஷனிடமிருந்து கடிதம் வருகிற அத்தியாயம் அது. முதல் தடவை எழுதும்போது அவள் என் எதிரில் நின்றாள். இப்போது பெயர் மட்டும்தான் நின்றது. வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

எங்கள் கிடங்கில் புடைக்கும் கதீஜா அக்காவுக்கும் கூட்டாளிகளுக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டியிருந்தேன். கடைசி வழியாக அவரிடம் போனேன்.

"அக்கா, அந்தக் கடுதாசி வந்த கதை ஞாபகம் இருக்கா?"

"பின்னே இல்லாம? கடுதாசி வந்துச்சு. ஜைனபு படிச்சா. மாரடிச்சு அழுதா. மயங்கி விழுந்தா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவ அழவே இல்லேக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது."

"அப்பொ என்ன செஞ்சா?"

"மடியிலே சொருகிட்டு முறத்தை எடுத்தா. சாயங்காலம் வரைக்கும் புடைச்சா."

"அது என்ன பொம்பளே தம்பி? யார்கிட்டேயாச்சும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டாளா?"

"மாட்டா. படிக்காத வரைக்கும் அவன் வருவான்னு இருக்கலாமில்லே?"

அக்காவின் முறம் நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன். அந்த வாக்கியம் பழைய பிரதியில் கிடையாது. அவரோடு சண்டை போட்டபோதுதான் என் வாயில் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. போயி எழுது, மறந்துருவே," என்றார் அக்கா.

மூட்டை மேலேயே உட்கார்ந்து, தும்மிக்கொண்டே எழுதினேன். ஒன்பதாம் நாள் தபாலில் சேர்த்தேன். தொடர்கதை வெளிவந்தது. அதன்பிறகு எத்தனையோ எழுதியாயிற்று. அந்த மத்தியானம்போல் இன்னொன்று வாய்க்கவில்லை. மிளகு நெடி மூக்கில் ஏறினால் இப்போதும் அந்தக் கிடங்குக்கு மனசு ஓடுகிறது.

திருத்தும்போது கதை செத்துப்போகிறது என்று இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான். தாளை மூடிவிட்டு, உங்கள் கதையை வேறொருவர் தப்பாகச் சொல்லக் கேளுங்கள். கோபம் வந்தால் அங்கிருந்து எழுதுங்கள். வராவிட்டால் அந்தக் கதையைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடலாம், நஷ்டமில்லை.