உறையின் மேல் வைத்த மஞ்சள்

என் மகளுக்கு ஆராய்ச்சிப் படிப்பில் இடம் கிடைத்தது முருகன் கொடுத்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு நடந்தது நான் செய்தது.

நான் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். வீடு கிழக்குத் தாம்பரம். என் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. மகள் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. முடித்தவள். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற வழி பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னாள்.

"ஒரு லோடுக்காக மூணு மணி நேரம் கிணத்துகிட்ட காத்துக் கெடக்கறீங்களேப்பா, அதுக்குத்தான்" என்றாள். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. அந்த அளவே போதும் என்றிருந்தது.

ஆனால் சேர வேண்டுமென்றால் ஃபெல்லோஷிப் கொண்டுவர வேண்டும் என்று அந்த நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சி செய்கிற வருஷங்களில் மாதாமாதம் தருகிற உதவித்தொகைக்கு அந்தப் பெயர். அது இல்லாமல் ஐந்து வருஷம் அவளைப் படிக்க வைக்க என்னால் ஆகாது. அவளுக்கும் அது தெரியும்.

அந்தக் கோடை முழுக்கப் போனும் கையுமாகத் தேடினாள். ஒன்றுக்கு அரசுத் தேர்வு எழுத வேண்டும். எழுதினாள், கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. இன்னொன்றுக்கு ஏற்கெனவே படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

"சேர்றதுக்கு ஃபெல்லோஷிப் வேணுமாம். ஃபெல்லோஷிப்புக்குச் சேர்ந்திருக்கணுமாம். நல்லா இருக்குல்லப்பா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

கடைசியில் பல்லாவரம் பக்கம் ஓர் அறக்கட்டளை இருப்பது தெரிந்தது. அறிவியல் படிக்கிற பெண்களுக்கென்றே கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தோடு இரண்டு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். மாணவி படித்துவிடக் கூடாதென்று பேராசிரியரே அதை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தருவார். பிரிக்காமல் அப்படியே கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மாலை இரண்டு உறைகளும் வந்துவிட்டன. மகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு பீரோவில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் எந்த நல்ல காகிதம் வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் எடுப்போம். கல்யாணப் பத்திரிகை, லாரியின் ஆர்.சி. புத்தகம், மகளின் மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வியாழக்கிழமை காலை மகள் குளிக்கப் போயிருந்தபோது ஃபைலை எடுத்தேன். விண்ணப்பத்தில் மஞ்சள் பட்டால் அழுக்காகத் தெரியும், அதை விட்டுவிட்டேன். உறைகளின் முன்பக்கம் முகவரி இருந்தது. அது கெட்டுவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் திருப்பி, பின்பக்கத்தில் வைத்தேன். கிண்ணத்தில் மஞ்சளைத் தண்ணீர் விட்டுத் தாராளமாகவே குழைத்திருந்தேன். முருகன் படத்தின் முன் வைத்து, "அப்பனே, இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது மகள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இதை யாராவது பிரிச்சீங்களா?"

ஓர் உறைக்கு மேலே டேப் ஒட்டியிருந்ததால் அது தப்பித்தது. மற்றதில் ஈரம் பட்டுப் பசை விட்டு, மடிப்பு மேலே எழும்பியிருந்தது. பேராசிரியரின் கையெழுத்தில் பாதி மடிப்போடு மேலேயும் பாதி கீழேயும் நின்றது. மை வேறு ஊறியிருந்தது.

"பிரிக்கலம்மா. மஞ்சள்தான் வெச்சேன்."

என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள். "ஒரு பொட்டு வெச்சா சாமி வாங்கிக்காதா? பந்தக்கால் மாதிரி மெழுகி வெச்சிகீற! இன்னா வேலை இது?"

"ரெண்டு சோத்துப் பருக்கை எடுத்தா, ஒட்டிடலாம்" என்றேன்.

"வேணாம்பா. ஒட்டினாத்தான் திருட்டு வேலை மாதிரி தெரியும்" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கடிதத்தை எழுதிய பேராசிரியருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். அன்று காலைதான் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்க விமானம் ஏறியிருக்கிறார் என்று கல்லூரியில் சொன்னார்கள். திறந்த உறைக்குள் மடித்த கடிதத்தின் ஓரம் தெரிந்தது. அவளைப் பற்றி எழுதிய கடிதம். அவள் ஒரு வரி கூடப் பார்க்கவில்லை. உறையைக் குப்புறக் கவிழ்த்து ஃபைலில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளோடு பல்லாவரத்துக்கு ரயிலில் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஓப்பன் ஆயிருக்கேம்மா."

"மேடம், மஞ்சள்தான் அது. சாமி முன்னால வெச்சது நான்தான். புள்ள மேல தப்பு இல்ல" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"எங்க வூட்லயும் வெப்போம்ணா. எனக்குப் புரியுது. ஆனா சீல் இருக்கணும்னு ரூல். நான் இன்னா பண்ண முடியும் சொல்லுங்க."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"நான் வாங்கி வெக்கற ஆளுண்ணா. கமிட்டி பாத்துக்கும்."

சிவப்பு மையில் 'உறை திறந்த நிலையில் பெறப்பட்டது' என்று ஒரு சீட்டில் எழுதி, உறையோடு பின் அடித்தார். எழுதும்போது அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. நான் கும்பிட்டேன். எதற்குக் கும்பிட்டேன் என்று தெரியவில்லை. திரும்பி வரும் ரயிலில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "பேப்பர்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டாங்கல்லப்பா. போதும்" என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மகள் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னதும், பேராசிரியர் அந்த அறக்கட்டளைக்கு மெயில் அனுப்பினார். பதில் வரவில்லை. நான் செவ்வாய்க்கிழமைகளில் விரதம் இருந்தேன். ஆனால் கோயிலில் நின்றால் வாய் வரவில்லை. உன் முன்னால் வைத்ததால்தானே கெட்டது என்று அவனிடம் கேட்பதா? கேட்டால் பாவம். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

முடிவு வந்தபோது தேர்வானவர்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. அவள் பெயர் இல்லை. காரணம் எதுவும் போடவில்லை. உறைதான் காரணமா, இவளைவிடக் கெட்டிக்காரப் பெண்கள் இருந்தார்களா, எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.

"நெறைய பேர் போட்டிருப்பாங்கப்பா" என்றாள். அடுத்த வருஷம் வரை இடத்தை நிறுத்தி வைப்பதாக நிறுவனத்தில் சொன்னார்கள். அதற்குப் பிறகு முடியாதாம். திருமுடிவாக்கத்தில் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்த வருஷம் வேறொரு ஃபெல்லோஷிப் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லாமே கம்ப்யூட்டரில்தான். காகிதம் இல்லை, உறை இல்லை. போன வாரம் காலை பூஜை முடித்து நான் எழுந்தபோது கூப்பிட்டாள்.

"அப்பா, எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். சாமி கும்பிட்ட கையால நீங்களே வந்து இந்த பட்டனை அழுத்துங்க."

தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தேன். விரலிடுக்கில் ஈரம் இருக்குமோ என்று மறுபடியும் துடைத்தேன்.

"போய் அழுத்துய்யா. கொழந்த ஆசையா கூப்புடுது" என்றாள் மனைவி.

"நீயே அழுத்தும்மா" என்றேன்.

மகள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி அழுத்தினாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கதவோரமாகத் தள்ளியே நின்றுகொண்டிருந்தேன்.