பூவுக்குத் தண்ணீர்

கொடைரோடு ஸ்டேஷன் போர்ட்டர் சடையாண்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. ரயிலேறும் மல்லிகைக் கூடை யாருடையதானாலும், ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் தெளித்துவிடுவார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பூ வாடினால் அவருக்குப் பொறுக்காது.

1962 சித்திரையில் ஒரு மத்தியானம், முன்பின் பார்த்திராத ஒருவன் கூடைமேல் கையை வைத்து மறித்தான். "தண்ணி வேணாம்யா. அப்படியே ஏத்து."

சடையாண்டி செம்பை வைத்துவிட்டு நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார். "பதினாறு வருசமா கூடை தூக்குறேன்யா. இந்த வெயில்ல தண்ணி வேணாங்கிறவன் பூ யாவாரி இல்ல. உள்ள நனையக் கூடாத சாமான் என்னமோ இருக்கு."

போலீஸ்காரர்கள் வந்து கூடையைக் கவிழ்த்தார்கள். நாலு விரல் உயரப் பூவுக்குக் கீழே, உப்புத் தடவிக் காயவைத்த இரண்டு சிறுத்தைத் தோல்கள் இருந்தன. ஜீப்பில் வந்த வனத்துறை ரேஞ்சர் பர்மிட் கேட்டார். அவனிடம் இல்லை.

பிளாட்பாரமே தோலைச் சுற்றி நின்றது. சடையாண்டி மட்டும் கொட்டிக் கிடந்த பூவை அள்ளித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட ரேஞ்சர் அவரைக் கூப்பிட்டார்.

அவர் நிமிரவில்லை. "தோலுக்குக் கேஸ் எழுதிட்டீக. இம்புட்டுப் பூவையும் வாடப் போட்டிருக்கானே, அதுக்கு என்ன கேஸ் எழுதுவீக?"