களிமண் காரின் வலது பக்கம்

கருப்பு டேப்பின் ஒரு முனையை மகன் பிடித்துக்கொண்டான். மறுமுனையை அப்பா களிமண் காரின் வலது கதவின்மேல் இழுத்து ஒட்டினார். கதவின் அடிக்கோடு எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரு மாதமாக இழுபறி.

"அடியில இருக்கிற உன் பேட்டரிய முப்பது மில்லிமீட்டர் ஒல்லியாக்குடா. கார் தரை இறங்கும். முட்டி வலிக்காரங்க எப்படி ஏறுவாங்க?"

"முடியாதுப்பா."

"முடியாதா, மனசில்லையா?"

மகன் தன் மேசைக்குப் போய்விட்டான். அது செவ்வாய்க்கிழமை. புதன் காலை அப்பா பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் அந்தப் பட்டறையில் கார்களைக் களிமண்ணில் செதுக்கியவர். நகரத்துக்கான இந்தச் சின்ன மின்சாரக் கார் அவருடைய பதினோராவது. பட்டறைக்கு அவர் கரண்டியண்ணன். சுரண்டும் கரண்டி சட்டைப் பையைவிட்டு இறங்காது, ஒரு கல்யாணத்துக்கும் அதோடுதான் போனார். கணினித் திரையை நம்பமாட்டார். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவி, "இங்க அரை மில்லி வீங்கியிருக்கு" என்பார். அளந்தால் அரை மில்லிதான் இருக்கும். மகன் அதே நிறுவனத்தில் பேட்டரி இன்ஜினியராகச் சேர்ந்த அன்று, "இனிமே சண்டை போட வீட்டுக்குப் போகவேண்டியதில்ல" என்றார்.

அடுத்த வார வியாழக்கிழமை மகன் வேலைக்குத் திரும்பியபோது, களிமண் காரை அளந்து கணினியில் ஏற்றும் இறுதி ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டறையில் இடது பக்கம்தான் முடிவு. வலது பக்கம் சோதனைக்கு. கடைசியில் வலதை இடதுக்குச் சமமாக்கிவிடுவார்கள்.

"ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல மேடம்," என்றாள் ஸ்கேன் செய்யும் பெண், வடிவமைப்புத் தலைவியிடம். "வலது கதவு முப்பது மில்லி கீழ இருக்கு."

டேப் ஒட்டிய அன்றே, தனியாக இருந்து, அப்பா வெட்டி முடித்திருக்கிறார்.

"பாவம், அண்ணனுக்கு அன்னிக்கே உடம்பு சரியில்லாம இருந்திருக்கும். கை தவறியிருக்கு," என்றார் தலைவி. "வலத நிரப்பிடுங்க."

அப்பாவோடு செதுக்கிவந்த பெரியவர் சூடான களிமண் எடுக்க அடுப்புப் பக்கம் நகர்ந்தார்.

"கை தவறல," என்றான் மகன்.

"அப்புறம்?"

"பேட்டரிய குறைக்க முடியும் மேடம். குளிரூட்டுற தகட்டை பக்கவாட்டுல மாத்தணும். சோதனையெல்லாம் மறுபடி, ரெண்டு மாசம். அதுக்கு பயந்துதான் முடியாதுன்னேன்."

"இத அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

தலைவி ஸ்கேன் செய்யும் பெண்ணுக்குக் கையைக் காட்டினார். ஸ்கேனரின் கை பாதி வழியில் நின்றது.

"நீ சொல்றதுக்காக ரெண்டு மாசம் தர முடியாது. இந்த உயரத்துல யாராவது ஏறிப் பார்த்தாங்களா?"

பெரியவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். "அதுக்கு அண்ணன் ஆள் பேசி வெச்சிருந்தாரு மேடம். பின் தெரு தையல்கார அம்மா, முட்டி ஆபரேஷன் ஆனவங்க. போன வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர்றதா இருந்தாரு. ஏறிப் பார்க்க வெச்சிருக்கிற மாதிரி சீட்டுக்கு அந்த உயரத்துல படி அடிச்சாச்சு."

"அஞ்சு மணி வரைக்கும் ஸ்கேன் நிக்கட்டும்," என்றார் தலைவி.

மணி மூன்றே கால்.

"அவங்களுக்கு அப்பா விஷயம் தெரியுமா?" என்று மகன் கேட்டான்.

பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். "யாரும் போய் சொல்லலப்பா."

மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அப்பா கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தவரைக் கூட்டிவரக் கிளம்பினான்.