புதுக்கடையில் விரிந்த குடை

இன்று காலை வெள்ளவத்தையில் வாக்களிக்கப் போனேன். அடையாள அட்டை பார்க்கும் மேசையில் எங்கள் மேல்மாடிப் பிள்ளை சர்மிளா. தவழ்ந்த காலத்திலிருந்தே என்னைத் தெரிந்தவள். "அங்கிள், ஐடென்டிட்டியக் காட்டுங்கோ," என்றாள் சிரிக்காமல். பெருமையாக இருந்தது. ஓய்வுபெற்றவனுக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஏன் மறைப்பான்.

சின்னவிரலில் மை பட்டதும் அந்த வாசனையோடு நிசாம் நினைவில் வந்துவிட்டான். கொட்டாஞ்சேனைக்காரன். ஒரே நாளில் ஒரே திணைக்களத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் நான்தான் திறம். ஆனால் தேர்தல் கடமை என்றால் அவன் தலைமை அலுவலர், நான் மை பூசுகிறவன். போதாததற்கு அவன் மனைவி கட்டிக்கொடுக்கும் வட்டிலப்பம் வேறு. சாப்பிட்டுக்கொண்டே வயிறெரிவேன்.

ஒருமுறை வாக்களிப்பு முடிந்து, பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, பொலிஸ்காரரோடு வாக்கெண்ணும் நிலையத்துக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். இரண்டு கட்சி முகவர்கள் பெட்டியைக் கண்ணால் காவல் காத்தபடி மோட்டார் சைக்கிள்களில் பின்னால் வந்தார்கள். பகல் முழுக்க ஒருவரையொருவர் தின்னாத குறை. புதுக்கடைப் பகுதியில் பஸ் புகைந்து நின்றது. இறங்கினோம், மழை பிடித்துக்கொண்டது. வேட்பாளர் ஒருவரின் ஆள் வான் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்," என்றார்.

"ஏறுவம் மச்சான், நனைஞ்சு போவம்," என்றேன் நான்.

"ஏலா மச்சான்," என்றான் நிசாம். "சனம் வோட்டப் போட்டிட்டு, கவர்மெந்து பாத்துக்கொள்ளும் எண்டு ஊட்டுக்குப் பெய்த்து ஈக்கி. இப்ப கவர்மெந்து நாம தான்."

நான் கடைத் தாழ்வாரத்துக்கு ஓடினேன். அந்தக் கூட்டத்துக்குள் பெட்டியைக் கொண்டுவர அவன் சம்மதிக்கவில்லை. பொலிஸ்காரரோடு வீதியோரத்திலேயே பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றான். அப்போது ஒரு முகவர் குடையை விரித்து அவன்மேல் பிடித்தார். கை வலித்ததும் மற்றவர் வாங்கிப் பிடித்தார். இருவரும் தெப்பமாக நனைந்தார்கள். வேறு பஸ் வரும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அப்படி ஒருவரும் குடை பிடித்ததில்லை.

பல வருடம் கழித்து அவனிடமே சொன்னேன், அந்தக் குடை உனக்கில்லை, பெட்டிக்கு என்று.

"ஓ மச்சான், பெட்டிக்குத் தான்," என்றான் உடனே. நிம்மதியாகப் பொறாமைப்படக்கூட விடாத மனுசன்.

போன வருடம் மௌத்தாகிவிட்டான். ஜனாஸா அடக்கத்துக்கு அந்த இரண்டு முகவர்களும் வந்திருந்தார்கள், நரைத்துப்போய், ஒரே ஆட்டோவில். அன்றும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இன்று சர்மிளா அட்டையில் இருக்கும் படத்தையும் என் முகத்தையும் இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தாள். நிசாம் இருந்திருந்தால் போன் எடுத்துச் சொல்லியிருப்பேன். அவன் அவளைத்தான் மெச்சியிருப்பான்.