முகம் கழுவக் கற்ற சித்திரை

முந்திரிக்கொட்டை வறுபடும் புகைக்கு ஒரு குணம் உண்டு. மூக்கில் ஏறும் முன்பே கண்ணில் ஏறிவிடும். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் சாலையோரக் கொட்டகை ஒன்றில் அம்மா கொட்டை வறுத்து உடைக்கும் வேலை பார்த்தாள். பங்குனிக் கடைசியிலிருந்து ஆனி வரை அவளுடைய உள்ளங்கைகள் கறுத்தே கிடக்கும். சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உடைப்பார்கள் என்றாலும் ஓட்டில் கசியும் எண்ணெய் எப்படியாவது தோலில் ஏறிவிடும். பிள்ளைகள் மேல் பட்டால் கொப்புளித்துவிடும் என்பதால், "இங்கிட்டு வராத, கையில எண்ணெ இருக்கு" என்று என்னைத் தள்ளியே நிறுத்துவாள். வீட்டுக்கு வந்து கையை நன்றாகக் கழுவிய பிறகுதான் என் கன்னத்தைத் தடவுவாள். அதற்காகவே நான் காத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சிவப்புச் சோப்பு. வயல் வெயிலில் காய்ந்து வெடித்த அப்பாவின் முகத்துக்கும், பத்து மணிக்கெல்லாம் "எண்ணெ வழியும்" என் முகத்துக்கும் அதுதான். பதின்மூன்று வயதில் எனக்குப் பருக்கள் வந்தபோது, எண்ணெயைப் போக்கத்தானே சோப்பு என்று நினைத்துத் துணிசோப்புக்கு மாறினேன். நாளைக்கு ஏழெட்டு முறை, பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தோல் இழுத்துப் பிடித்தாற்போல் காயும். அரை மணி நேரத்தில் முன்னைவிட அதிகமாக வழியும். நானும் விடவில்லை, முகமும் விடவில்லை. வைகாசியில் சித்தியின் கல்யாணம். சீர்த்தட்டு ஏந்தி முன்னால் போகும் பெண்பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இடது கன்னத்திலோ ஒரு பெரிய பரு அசைவேனா என்று உட்கார்ந்திருந்தது.

கொட்டகையில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி, கழுத்திலிருந்த மருவில் பச்சைக் கொட்டையின் எண்ணெயை ஊசி முனையால் தொட்டு வைத்து, அதைக் கருக்கி உதிர்த்திருந்தாள். அங்கே ஆனது இங்கே ஆகாதா என்று தோன்றியது. சித்திரைக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லாதபோது பச்சைக் கொட்டை ஒன்றைக் கீறி, ஊசி முனையால் பருவின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். விடிந்து பார்த்தால் கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உடனே தன் கைகளைப் பார்த்தாள். முந்தின நாள் அலுப்பில் சரியாகக் கை கழுவாமல் என் பக்கத்தில் வந்து படுத்துவிட்டாளாம். தூக்கத்தில் தான்தான் தொட்டிருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அடி விழும் என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, எப்படிப் பட்டது என்று என்னைத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டாள்.

"என் கைதாங்க பட்டுருச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார். துணிசோப்பு விஷயம் வெளியே வந்ததும், மூஞ்சி என்ன அடிப்பிடித்த சட்டியா என்று என்னைக் கேட்டார். எண்ணெயைச் சுரண்டச் சுரண்ட, தோல் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுமாம். புண் ஆறும்வரை வெறும் தண்ணீர். பிறகு எண்ணெய்ப்பசைத் தோலுக்கென்றே விற்கும் ஃபேஸ்வாஷ், காலையும் மாலையும் மட்டும், பட்டாணி அளவு. அதை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் தடவி, கழுவியபின் தேய்க்காமல் துண்டால் ஒற்ற வேண்டும். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பட்டாணி அளவு மட்டும் வீட்டுக்கு வந்ததும் "அரை முந்திரிப் பருப்பு" ஆகிவிட்டது. நான் முகம் கழுவும்போது எட்ட நின்று சொம்பில் தண்ணீர் ஊற்றுவாள். அரைப் பருப்புக்கு மேல் பிதுக்கினால் அதட்டுவாள். கல்யாணத்தில் தட்டு ஏந்தினேன், காய்ந்த கறுப்புப் பொருக்கோடு.

முகம் மெல்லத் தெளிந்தது. ஆனால் அம்மா அதன் பிறகு உள்ளங்கையால் என்னைத் தொடவில்லை. காய்ச்சலா என்று பார்ப்பதும், அழுதால் கண்ணீரைத் துடைப்பதும் புறங்கையால்தான். கொட்டை உடைக்காத ஐப்பசி, கார்த்திகையிலும் அப்படித்தான். சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. அம்மா வேலையை விட்டுப் பல வருடங்களாகி, புதுக்கோட்டையில் என்னோடு இருக்கிறாள். கையில் கறை இல்லை, என் கன்னத்தில் தழும்பும் இல்லை. வயதாகி அவள் முகம் செதில் செதிலாக வறண்டுபோனதால், வறண்ட தோலுக்கான, நுரைக்காத பால் மாதிரியான கிளென்சர் ஒன்றை இந்தச் சித்திரையில் வாங்கி வந்தேன். நுரையே வராமல் என்னத்தைக் கழுவுவது என்று அவள் கேலி செய்ய, நான் அவளுடைய உள்ளங்கையை விரித்து அரைப் பருப்பு அளவு பிதுக்கினேன். என் நெற்றியில் வேர்த்திருந்ததைப் பார்த்து அவள் மறு கையைத் தூக்கினாள். புறங்கைதான் வந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"அம்மா, அன்னைக்குப் பட்டது ஒன் கை இல்ல. நாந்தான் ஊசியில எடுத்து வச்சுக்கிட்டேன்."

தூக்கிய கையை அவள் மெல்ல இறக்கினாள்.

"இம்புட்டு வருசமா ஏன்டி சொல்லல? ஒன் புள்ளையக்கூட நான் பயந்து பயந்துல்ல தூக்குனேன்."

எழுந்து போனாள். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கைகழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் என் கன்னங்களில் வைத்தாள்.